தனித்துப் பறக்கும் மூன்று கிராம்

(மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரில் வாசகர் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் தமிழ்ப்பள்ளி மாணவச் செல்வங்களுக்கும் வணக்கம்.

நம் வீட்டு வாசல் செம்பருத்தியில் தொற்றிக்கொண்டு தேன் குடிக்கும் மஞ்சள் வயிற்றுப் பறவையைப் படமெடுத்து, ஹம்மிங் பறவை என்று பெயரிட்டுப் புலனத்தில் அனுப்புகிறவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அது தேன்சிட்டு. ஹம்மிங் பறவை எனப்படும் ஓசனிச்சிட்டு அமெரிக்கக் கண்டங்களை விட்டு வெளியே எங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. வடக்கே அலாஸ்கா முதல் தென்கோடித் தீவுகள் வரை அதில் ஏறத்தாழ 360 இனங்கள் உண்டு. ஆனாலும் அதன் நெருங்கிய உறவினர் நம் ஊரிலேயே இருக்கிறார். கடைவீட்டு மாடிகளில் ஒலிபெருக்கி வைத்துக் கூப்பிட்டுக் கூடு கட்ட வைக்கிறார்களே, அந்த உழவாரக் குருவிதான் அவர். தேன்சிட்டுக்கும் ஓசனிச்சிட்டுக்கும் உள்ள ஒற்றுமை ஒரே தொழிலைச் செய்வதால் வந்தது; உழவாரக் குருவியோடு அதற்குள்ள உறவு பிறப்பால் வந்தது.

ஓசனிச்சிட்டு ஏன் கூட்டம் சேர்வதில்லை என்பதும், கூட்டம் சேராத ஒன்று எப்படி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய்த் திரும்புகிறது என்பதும் தனித்தனியாகக் கேட்கப்படுகின்றன. என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கேள்விதான். பூவுக்குள் இருக்கும் ஒரு துளி இனிப்பைக் கணக்கிட்டால் இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும்.

உங்கள் சட்டைப் பையில் பத்து சென் நாணயம் இருந்தால் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அதன் எடை மூன்று கிராம். வட அமெரிக்காவின் செங்கழுத்து ஓசனிச்சிட்டின் எடையும் ஏறக்குறைய அதுவே. அந்த உடம்பு அந்தரத்தில் நிற்பதற்கு விநாடிக்கு ஐம்பது முறைக்கும் மேல் சிறகடிக்க வேண்டியிருக்கிறது. பறக்கும்போது நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கு மேல் துடிக்கும் இதயம், குளிர்ந்த இரவுகளில் உடல் வெப்பத்தைத் தாழ்த்தி ஆழ்ந்த செயலற்ற நிலைக்குப் போனால் ஐம்பது அளவுக்கு இறங்கிவிடுகிறது. அப்படி இறங்காவிட்டால் சில இரவுகளில் விடியும்வரை கையிருப்பு தாங்காது.

தானியம் கொத்தும் பறவைகள் கூட்டமாக மேயலாம். பக்கத்தில் ஒன்று கொத்துவதால் மற்றதற்குப் பெரிய இழப்பில்லை. பூவின் கணக்கு வேறு. ஒருவர் உறிஞ்சிய பூ மறுபடி ஊறும்வரை மற்றவருக்கு வெறும் பூ. எனவே எந்தப் பூ எப்போது காலியானது என்பதை நினைவில் வைத்திருக்கும் பறவையே பிழைக்கும். கனடாவின் ராக்கி மலைகளில் ஆய்வாளர்கள் எட்டுச் செயற்கைப் பூக்களை வைத்து, அவற்றில் சிலவற்றைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறையும் மற்றவற்றை இருபது நிமிடத்துக்கு ஒரு முறையும் நிரப்பினார்கள். செம்பழுப்பு ஓசனிச்சிட்டுகள் எந்தப் பூ எந்த வேளையில் நிரம்பும் என்பதைக் கற்றுக்கொண்டு, அதற்கேற்ப வந்து போயின. 2006-ல் வெளியான ஆய்வு இது. ஆனால் இத்தனை நுட்பமான நினைவும், இடையில் வேறொரு பறவை புகுந்து குடித்துவிட்டால் வீணாகிவிடும். சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

இந்தச் சண்டையை வெறும் முரட்டுத்தனமாக எண்ணிவிடக் கூடாது. அகல்வால் ஓசனிச்சிட்டின் ஆண் பறக்கும்போது சிறகு நுனியிலிருந்து ஒரு சீழ்க்கை ஒலி எழும்பும். அந்த ஒலி எழாதபடி சில ஆண்களின் சிறகைச் செய்துவிட்டுப் பார்த்தபோது, அவற்றால் தம் எல்லையைக் காக்க முடியவில்லை. மற்ற ஆண்கள் உள்ளே புகுந்துவிட்டன. அலகால் குத்துவதற்கு முன்பே ஒலியால் எல்லை வகுக்கும் ஓர் ஏற்பாடு அவற்றிடையே இருக்கிறது. அக்கம்பக்கத்தார் அதைக் கேட்டு நடந்துகொள்கிறார்கள். கூட்டமில்லை என்பதால் சமூகம் இல்லை என்று ஆகிவிடாது.

2021-ல் பனாமாவிலிருந்து வந்த செய்தி இன்னும் வியப்பானது. வெண்கழுத்து ஜாகோபின் என்னும் இனத்தில், வளர்ந்த பெண்களில் ஐந்தில் ஒன்று ஆணைப் போன்ற பளபளப்பான நீல வெள்ளை நிறத்தோடு இருக்கிறது. இணை சேர்வதில் அந்த நிறத்தால் அவற்றுக்கு ஆதாயம் எதுவும் காணப்படவில்லை. ஆண் வேடத்தில் இருக்கும் பெண்ணை மற்றவை குறைவாகத் துரத்துகின்றன; அது நிம்மதியாக அதிக நேரம் தேன் குடிக்கிறது. நம் தாய்மார்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

குடும்ப வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிலந்தி நூலால் கூட்டைப் பிணைப்பதும், இரண்டு முட்டைகளை அடைகாப்பதும், குஞ்சுகளுக்கு ஊட்டுவதும் தாய் ஒருத்தியின் வேலை. தந்தை அந்தப் பக்கமே வருவதில்லை.

இனி பயணத்துக்கு வருவோம். செம்பழுப்பு ஓசனிச்சிட்டு மெக்சிகோவில் குளிர்காலத்தைக் கழித்து, இளவேனிலில் பசிபிக் கரையோரமாக வடக்கே ஏறி, சில பறவைகள் அலாஸ்கா வரை சென்று முட்டையிடுகின்றன. ஒரு வழித் தொலைவு ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர். திரும்பும்போது அதே பாதையில் வருவதில்லை. கோடையின் பிற்பகுதியில் ராக்கி, சியரா நெவாடா மலைகளின் புல்வெளிகள் பூத்திருக்கும் என்பதால் அவ்வழியே இறங்குகின்றன. வழியில் ஒரு புல்வெளியில் நின்று, பூக்கள் கொண்ட ஒரு துண்டு நிலத்தைத் தனதாக்கி, சில நாட்கள் உண்டு கொழுத்து, மறுபடி கிளம்புவது அவற்றின் வழக்கம். கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள்: பறவை வழக்கமாக அமரும் குச்சியையே தராசாக்கிவிட்டார்கள். பிடிக்காமலே அதன் எடை தெரிந்தது. எல்லையை நாளுக்கு நாள் கூட்டியும் குறைத்தும், எந்த அளவு நிலம் இருந்தால் எடை அதிகமாக ஏறுமோ அந்த அளவைப் பறவை கண்டுகொள்வதை அவர்கள் 1983-ல் எழுதினார்கள். அந்தச் சண்டையும் பயணச் செலவுக்குச் சேர்க்கும் பணம்தான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நான் படித்ததில்லை.

செங்கழுத்து ஓசனிச்சிட்டுகளில் பல மெக்சிகோ வளைகுடாவை நிற்காமல் கடக்கின்றன. ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தண்ணீர். புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை நீளும் நம் நெடுஞ்சாலையைவிடச் சற்றே அதிகம். ஏறத்தாழ இருபது மணி நேரம் உணவும் இல்லை, அமர இடமும் இல்லை. புறப்படும் முன் மூன்று கிராம் உடம்பு கொழுப்பால் ஏறக்குறைய இரு மடங்காகிறது. வளர்ந்த ஆண்கள் முதலில் கிளம்பிவிடுகின்றன. அந்தக் கோடையில் பிறந்த குஞ்சுகள் கடைசியாக, தனித்தனியே புறப்படுகின்றன. தாய் உடன் வருவதில்லை. போகும் திசையும் புறப்படும் பருவமும் பிறவியிலேயே வந்த அறிவு. ஒரே பூந்தேனை நம்பி வாழும் முதியவை முன்னரே விலகிவிடுவதால் பின்னால் வருகிறவற்றுக்குப் போட்டி குறைகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கூட்டமாகச் சென்றால் வழியிலுள்ள பூக்கள் ஒரே நாளில் வற்றிவிடும்.

இவையெல்லாம் எப்படித் தெரிந்தன என்று மாணவர்கள் கேட்பீர்கள். காலில் எண் பொறித்த நுண்ணிய அலுமினிய வளையம் மாட்டித்தான். 2010 ஜனவரியில் புளோரிடாவின் டல்லஹாசியில் வளையமிடப்பட்ட ஒரு செம்பழுப்புப் பெண் பறவை அதே ஆண்டு ஜூனில் அலாஸ்காவில் பிடிபட்டது. இடைத் தொலைவு 5,600 கிலோமீட்டருக்கும் மேல். மெக்சிகோவுக்குப் போகாமல் அமெரிக்காவின் தென்கிழக்கில் குளிர்காலம் கழிக்கும் பறவைகள் வழிதவறியவை அல்ல என்ற வாதத்துக்கு அந்த ஒரு வளையம் வலுவான சான்றாகிவிட்டது.

ஓசனிச்சிட்டுகளில் மிகப் பெரியது ஆண்டிஸ் மலையின் இராட்சத இனம். அதற்கு முதுகில் சிறு கருவி பொருத்திப் பார்த்தபோது, சிலியின் கடலோரத்தில் முட்டையிடுபவை பெருவின் உயர்மலைகளுக்குப் போய் வருவதாகவும், இரு வழியும் சேர்ந்து 8,300 கிலோமீட்டர் வரை பறப்பதாகவும் தெரிந்தது. 4,000 மீட்டருக்கும் மேல் ஏறும்போது ஒரே மூச்சில் ஏறாமல், சில நாட்கள் நின்று மெல்லிய காற்றுக்கு உடம்பைப் பழக்கிக்கொண்டு அவை ஏறுகின்றன. பெரிய செய்தி 2024-ல் வந்தது. பெருவில் ஆண்டு முழுவதும் தங்கும் பறவைகளும் சிலியிலிருந்து வரும் பறவைகளும் கண்ணால் பிரித்தறிய முடியாதபடி இருந்தாலும், மரபணுப்படி இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்ட இரு வேறு இனங்கள் என்று தெரிந்தது. அதுவரை அவை ஒரே மலைச் சரிவில் ஒரே பெயரோடு வாழ்ந்து வந்தன.