வெறும் வயிற்று மாத்திரையும் ஊசி நாளும்

நேயர்களுக்கு வணக்கம்.

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் தடுப்பு மருந்து எடுத்துக்கொள்வோர் அதைப் பாதுகாப்பாக எடுத்துக்கொள்வது எப்படி என்று பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். வடசென்னையில் அரசு மருத்துவமனை ஒன்றின் மருந்து வழங்கும் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மருத்துவர் சீட்டில் எழுதுவதற்கும் நோயாளி வீட்டில் விழுங்குவதற்கும் நடுவில் என்னென்ன நேர்கிறது என்பதையே என் பணிக்காலம் முழுவதும் கவனித்து வந்தேன். ஆகவே, எந்த மருந்து சிறந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்கள் மருத்துவரின் பொறுப்பு. அவர் எழுதிக்கொடுத்த மருந்தை எந்த நாளில், எந்த நேரத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் பேச்சு.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே அமைந்த சுரப்பி. அதில் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் டெஸ்டோஸ்டெரோன் என்னும் ஆண் ஹார்மோனைக் கொண்டே வளர்கிறது. 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய உடன்பணியாளரும் இதை எடுத்துக்காட்டினார்கள். 1966-இல் ஹக்கின்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஹார்மோனை நிறுத்த விரைகளை அறுவை செய்து நீக்குவது அன்றைய வழி. ஒரே முறையில் முடிந்துவிடுவதாலும் செலவு குறைவு என்பதாலும் இன்றும் நம் ஊரில் பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அறுவையை விரும்பாதவர்களுக்கு லியுப்ரோலைட், கோசெரெலின் போன்ற ஊசிகள் உள்ளன. அவற்றை மாதம் ஒரு முறையோ மூன்று மாதங்களுக்கு ஒரு முறையோ போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த ஊசிகளைப் பற்றி இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது, அணையப்போகும் விளக்கு ஒருமுறை ஓங்கி எரிவதைப் போல, முதல் ஊசி போட்ட பின் ஓரிரு வாரங்களுக்கு டெஸ்டோஸ்டெரோன் குறையாமல் கூடும். அதன் பிறகே அடங்கும். அந்த ஏற்றம் கெடுதல் செய்யாமலிருக்கத்தான் பைகலுடமைட் போன்ற மாத்திரையைத் தொடக்கத்தில் சில வாரங்களுக்குக் கொடுக்கிறார்கள். 'ஊசிதான் போட்டாயிற்றே, மாத்திரை எதற்கு' என்று அதை விட்டுவிடாதீர்கள். நோய் முதுகெலும்புக்குப் பரவியவர்களுக்கு அந்த நாள்களில் கால்கள் வலுவிழந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். டெகாரெலிக்ஸ் என்ற ஊசியில் இந்த ஏற்றம் வராது. இரண்டாவது, ஊசிக்குரிய நாள் தவறக்கூடாது. ஊருக்குப் போனோம், வீட்டில் விசேஷம் என்று தள்ளிப்போட்டால் அடங்கியிருந்த ஹார்மோன் மீண்டும் தலைதூக்கும். அடுத்த ஊசியின் தேதியை, ஊசி போட்ட அன்றைக்கே வீட்டு நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

இனி, நான் விரிவாகப் பேச விரும்பும் மருந்துக்கு வருகிறேன். உடலில் ஆண் ஹார்மோன் உருவாவதையே தடுக்கும் அபிராடெரோன் என்ற மருந்தை வழக்கமாக, ஒவ்வொன்றும் 250 மில்லிகிராம் கொண்ட நான்கு மாத்திரைகளாக, நாளுக்கு ஒரு வேளை, வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும். அதற்கு இரண்டு மணி நேரம் முன்பும் ஒரு மணி நேரம் பின்பும் தண்ணீரைத் தவிர வேறெதுவும் கூடாது. இதனுடன் பிரெட்னிசோலோன் என்ற சிறிய ஸ்டீராய்டு மாத்திரையையும் எழுதுவார்கள். அதை உணவுக்குப் பின்னரே எடுக்க வேண்டும். ஒரே சீட்டில், ஒரே நோய்க்கு, ஒன்று உணவுக்கு முன், மற்றொன்று உணவுக்குப் பின். குழப்பம் தொடங்குமிடம் இதுதான்.

காசிமேட்டில் வலை பின்னும் பெரியவர் ஒருவர், இந்த மருந்தைத் தொடங்கிச் சில வாரங்கள் கழித்து மருமகளுடன் வந்தார். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. இரத்த அழுத்தம் ஏறியிருந்தது, பொட்டாசியம் குறைந்திருந்தது. அந்தப் பெண் கையோடு கொண்டுவந்திருந்த சிறிய எவர்சில்வர் டப்பாவைத் திறந்து காட்டினாள். ஒரு நாளைக்கு உரிய மாத்திரைகள் அத்தனையும் ஒன்றாகக் கிடந்தன. "வெறும் வயித்துல போட்டா மாமாவுக்கு வயிறு புண்ணாயிடும்னுதான் சார், நாஷ்டா ஆனதும் எல்லாத்தையும் சேர்த்துக் குடுக்கறேன்" என்றாள். அன்போடு செய்த காரியம் அது. ஆனால் அபிராடெரோன் உணவோடு சேர்ந்தால் உடலில் ஏறும் அளவு பல மடங்காகிவிடும். கொழுப்பு மிகுந்த உணவென்றால் ஏறத்தாழ 10 மடங்கு. வடகறியோடு இட்லி சாப்பிட்டுவிட்டு அதை விழுங்குகிறவர் மருத்துவர் கணக்கிட்ட அளவை விழுங்கவில்லை.

மருத்துவர் சில நாள்கள் மாத்திரையை நிறுத்திவைத்து, அளவுகள் சீரான பிறகு மீண்டும் தொடங்கச் சொன்னார். நேரத்தை அந்தக் குடும்பத்தின் வாழ்க்கையிலிருந்தே எடுத்துக்கொண்டோம். படகு கரைசேரும் இடத்தில் வாழ்கிறவர்கள் விடியுமுன் எழுந்துவிடுவார்கள். பெரியவர் இரவு உணவை 8 மணிக்கு முடிப்பார். விடியற்காலை 4 மணிக்கு எழுந்ததும் நான்கு மாத்திரைகளைத் தண்ணீரோடு விழுங்குவார். 5 மணிக்கு மேல் தேநீர். காலை உணவு முடிந்ததும் பிரெட்னிசோலோன். பால் சேர்த்த தேநீரும் உணவுதான், அதனோடு தொட்டுக்கொள்ளும் பொறையும் உணவுதான் என்பதை இங்கே மறுபடியும் சொல்லிவிடுகிறேன். கருவாட்டையும் ஊறுகாயையும் மருத்துவர் குறைக்கச் சொன்னார். இந்த மருந்து உடலில் உப்பையும் நீரையும் தேக்கக்கூடியது. பெரியவருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் கேட்டுக்கொண்டார்.

சில மருத்துவர்கள் செலவைக் கருதி, 250 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை மட்டும் கொழுப்புக் குறைந்த உணவோடு எடுக்கச் சொல்வதும் உண்டு. அது அந்த நோயாளிக்காக அவர் திட்டமிட்டுச் சொல்வது. வரிசையில் பக்கத்தில் நின்றவர் அப்படிச் சாப்பிடுகிறாரே என்று நீங்களாக மாற்றிக்கொள்ளாதீர்கள். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரட்டிப்பாக விழுங்காதீர்கள். மாத்திரை தொடங்கிவிட்டது என்பதற்காக, மருத்துவர் சொல்லாமல் ஊசியை நிறுத்தாதீர்கள். பிரெட்னிசோலோனைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. தொடக்க மாதங்களில் கல்லீரல், பொட்டாசியம், இரத்த அழுத்தம் ஆகியவற்றை அடிக்கடி பார்ப்பார்கள்; உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அந்தப் பரிசோதனைகளைத் தவிர்க்காதீர்கள். வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் அபிராடெரோன் மாத்திரையை அவர் வெறுங்கையால் தொடக்கூடாது.

பிற மருந்துகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள், நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் சூரணம், எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இதே நோய்க்குத் தரும் மற்றொரு ஹார்மோன் தடுப்பு மருந்தான என்சாலுடமைட் எடுப்பவர்களுக்கு இது மிக முக்கியம். இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் உள்ளிட்ட பல மருந்துகளின் வேலையை அது மாற்றிவிடும். வலிப்பு வந்தவர்கள் அதைத் தொடங்குமுன்பே சொல்லிவிட வேண்டும்.

நேரம் முடியப்போகிறது என்று அறிவிப்பாளர் சைகை காட்டுகிறார். எலும்பைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கமாகவே சொல்கிறேன். ஆண் ஹார்மோன் குறைந்தால் எலும்பு மெலியும், தசை குறையும், சர்க்கரை ஏறும். எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா, கால்சியமும் வைட்டமின் டி-யும் எவ்வளவு வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். நாள்தோறும் நடங்கள்; தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் கேட்டுச் செய்யுங்கள். புகையை விடுங்கள். திடீரென உடல் அனலாகி வியர்ப்பதும், தாம்பத்திய ஆசை குறைவதும், மனம் சோர்வதும் மருந்தின் விளைவுகளாக இருக்கலாம். கூச்சப்படாமல் சொல்லுங்கள், அவற்றுக்கும் மருத்துவம் உண்டு. கேட்டுக்கொண்டிருந்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்.