நெல்லுக்குப் பின் ஒரு பயறு

நேயர்களுக்கு வணக்கம். தானியத்துக்குப் பின் தானியம் என்றே ஒரு நிலத்தை ஓட்டினால், அதே பூச்சிக்கும் அதே களைக்கும் நாமே இடம் விட்டதாகிவிடும். நடுவில் ஒரு போகம் உளுந்தோ பச்சைப்பயறோ வந்தால் அந்தத் தொடர் அறும்.

நெல் தரிசில், அதாவது நெல்லுக்கு அடுத்துப் பயறு போடும் வயலில், முதலில் பார்க்க வேண்டியது ஈரம். அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, ஏக்கருக்கு 10 கிலோ விதையைப் பயிருக்குள்ளேயே தூவ வேண்டும். கால் வைத்தால் தடம் பதியணும், தடத்தில் தண்ணீர் ஊறக் கூடாது. ஊறினால் விதை அழுகிவிடும். இயந்திர அறுவடை என்றால் இவ்வளவு முந்த வேண்டாம். முளைத்த செடி சக்கரத்தில் நசுங்கும்.

அடுத்தது, நான் எங்கே பேசினாலும் விடாமல் சொல்வது: வேரைப் பாருங்கள். காற்றிலுள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, செடிக்குப் பிடித்துக் கொடுப்பது வேர் முடிச்சிலுள்ள ரைசோபியம் என்ற நுண்ணுயிர். நீண்ட நாள் தண்ணீர் நின்ற வயலில் இது குறைந்திருக்கும். அதனால் ஏக்கர் விதைக்கு 200 கிராம் ரைசோபியம் பொட்டலம் ஒன்றை ஆறிய கஞ்சியில் கலந்து, விதையில் புரட்டி, நிழலில் அரை மணி உலர்த்தி விதையுங்கள். வெயிலில் வைத்தால் நுண்ணுயிர் செத்துவிடும். பூஞ்சாணக் கொல்லி கலக்கிறவர்கள் அதை முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

30, 35-ஆம் நாளில் நாலைந்து செடியை மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்காதீர்கள், முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். வேரைத் தண்ணீரில் அலசி, முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. வெளுப்போ பச்சையோ என்றால் நடக்கவில்லை. யூரியாவை அள்ளிப் போட்ட வயலில் முடிச்சே சரியாகக் கட்டாது. தழைச்சத்து சும்மா கிடைக்கும்போது செடி முடிச்சை வளர்ப்பதில்லை. மறுபடியும் சொல்கிறேன், இலையின் பச்சையை மட்டும் நம்பாதீர்கள், வேரைப் பாருங்கள்.

இன்னொன்று. பயறு போட்டதாலேயே அடுத்த நெல்லுக்கு உரத்தைப் பாதியாக்கிவிடாதீர்கள். பிடித்த தழைச்சத்தில் பெரும்பங்கு மணியோடு வெளியே போகிறது. மண்ணுக்கு மிஞ்சுவது வேரும் உதிர்ந்த இலையும்தான். மணி பிரித்தபின் மிஞ்சும் பொட்டும் வயலுக்கே திரும்பினால் இன்னும் நல்லது.

பூக்கும்போது 4 கிலோ டி.ஏ.பி. உரத்தை 10 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, தெளிவை மட்டும் இறுத்து, 190 லிட்டர் சேர்த்து மாலையில் தெளியுங்கள். 15 நாள் கழித்து மறுமுறை.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். மஞ்சள் தேமல் என்ற நச்சுயிரி நோய் வந்த செடியைக் கண்டதும் பிடுங்கி அழியுங்கள், வெள்ளை ஈ அதைப் பரப்பும். சேமிக்கும் முன் நன்றாகக் காய வையுங்கள், ஈரம் 10 சதத்துக்குள் இருக்கட்டும். சேமித்த பயறில் விழும் வண்டு பற்றி விரிவாகச் சொல்ல இன்று நேரமில்லை. வணக்கம்.