கதாநாயகன் முதல் காட்சியிலேயே சாகிறார்! 1954-இல் வந்த ‘அந்த நாள்’ படத்தைப் பதினேழு வயதில் பார்த்தேன்

[திரை இருட்டாக இருக்கிறது. துப்பாக்கி வெடிக்கும் ஓசை மட்டும் கேட்கிறது.]

வணக்கம். இந்த ஓசையோடு ஒரு தமிழ்ப் படம் தொடங்குகிறது. குண்டு பாய்ந்து விழுபவர் வில்லனோ துணை நடிகரோ அல்லர். அவர் சிவாஜி கணேசன். படம் ஆரம்பிக்கும்போதே கதாநாயகன் பிணமாகிவிடுகிறார் என்றால், மிச்சமிருக்கும் இரண்டு மணி நேரம் எதைக் காட்டப்போகிறார்கள்? எழுபது ஆண்டுகளுக்கு முன்னால் எடுக்கப்பட்ட படம் என்று ஒதுக்கிவைத்திருந்த என்னை, இந்த ஒரு கேள்வி கைப்பேசியைக் கீழே வைக்கச் செய்தது.

நான் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. என் வயதில் இருப்பவர்கள் பழைய படங்களைப் பற்றிச் சொல்லும் குறைகள் மூன்று: கதை நகராது, எல்லோரும் உரக்கப் பேசுவார்கள், எடுத்ததற்கெல்லாம் பாட்டு வரும். சென்ற கோடை விடுமுறை வரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படத்தைத் தயாரித்தது ஏ.வி.எம். நிறுவனம். இயக்கியவர் எஸ். பாலசந்தர். வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரியாகவும் நடித்திருக்கிறார். வெளியான நாள் 1954 ஏப்ரல் 13.

இந்தப் படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931-இல் வந்தபோது அதில் ஐம்பது பாடல்கள் இருந்ததாகச் சொல்வார்கள். அப்படித் தொடங்கிய ஒரு திரையுலகில், இருபத்து மூன்றே ஆண்டுகளில், பாட்டும் நடனமும் இல்லாமல் ஒரு முழுநீளப் படம் எடுக்க ஒருவர் துணிந்திருக்கிறார். அந்த ஒருவர், பிற்காலத்தில் உலகமே ‘வீணை பாலசந்தர்’ என்று கொண்டாடிய இசைமேதை. பாட்டு வராதவர் பாட்டை ஒதுக்கினால் அதில் வியப்பில்லை. வீணையை உயிராக மதித்த ஒருவர், இந்தக் கதைக்குப் பாட்டு வேண்டாம் என்று முடிவெடுத்ததை எண்ணும்போது எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டாகிறது.

[திரையில்: 1943 அக்டோபர் 11 என்ற தேதி]

இந்தக் காணொளியைச் செய்ததற்கான உண்மையான காரணத்துக்கு இப்போது வருகிறேன். தலைப்பில் உள்ள ‘அந்த நாள்’ எந்த நாள்? இரண்டாம் உலகப்போரின்போது, 1943 அக்டோபர் 11-ஆம் தேதி இரவில், ஜப்பானிய விமானம் ஒன்று சென்னையின் மேல் பறந்து துறைமுகப் பகுதியில் குண்டு வீசியது. கதையில் சிவாஜி நடித்த வானொலிப் பொறியாளர் ராஜன் கொல்லப்படுவது அந்த நாளை ஒட்டித்தான். பள்ளி வரலாற்றுப் பாடத்தில் ஹிரோஷிமாவைப் படித்திருக்கிறேன். என் சொந்த ஊரின் மேல் குண்டு விழுந்ததை ஒரு படம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு முந்தைய ஆண்டு, 1942 ஏப்ரலில், ஜப்பானியர் கரையேறிவிடுவார்கள் என்ற அச்சத்தில் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு சென்னையை விட்டுக் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்தால் என்ன செய்வது என்ற பயத்தில், உயிரியல் பூங்காவிலிருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1943-இல் குண்டு விழுந்தது, 1954-இல் படம் வந்தது. இடையில் இருப்பது பதினோரு ஆண்டுகளுக்கும் குறைவு. நமக்கு 2015 டிசம்பர் வெள்ளம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ, அவர்களுக்கு அந்த இரவு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. வெள்ளம் வந்தபோது நான் சிறுமி. இருட்டில் படிக்கட்டின் மூன்றாம் படியைத் தொட்டுக்கொண்டிருந்த தண்ணீரும், அப்பா டார்ச் அடித்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றதும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நாளைக்கு ஒரு படத்தில் அந்தத் தேதியைக் காட்டினால் என் உடம்பு தானாகவே பதறும். 1954-இல் திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர்களும் அப்படித்தானே பதறியிருப்பார்கள்? ‘பழைய படம்’ என்று நாம் பெயர் வைத்திருக்கும் இது, அவர்களுக்கு நேற்று நடந்த கதை. இதை உணர்ந்த பிறகு என்னால் அதைப் பழைய படமாகப் பார்க்க முடியவில்லை.

கதை சொல்லும் விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, நாட்டியக்காரி, மனைவி என்று ஐந்து பேரையும் அதிகாரிகள் விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவர் வாயிலிருந்தும் ஒரு ராஜன் எழுந்து வருகிறான். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ படத்தின் தாக்கம் இதில் உண்டு. ஆனால் அங்கே எது உண்மை என்று கடைசிவரை உறுதியாகாது. இங்கே உண்மை ஒன்றுதான், அதைக் கண்டுபிடித்தும் விடுகிறார்கள். எனக்கு இந்த முறைதான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் முடிவு தெரிந்த பிறகு ஒவ்வொரு சாட்சியத்தையும் திரும்ப ஓட்டிப் பார்க்கும் ஆசை வருகிறது. ஒரே நிகழ்வை இருவர் வாய்மொழியில் காட்டும் ‘விருமாண்டி’ 2004-இல் வந்தது. அந்த உத்தியில் மயங்கியவர்கள், ஐம்பது ஆண்டு முன்னால் சென்று இதையும் பார்க்க வேண்டும். கொலையாளி யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை, கருத்துப் பெட்டியில் நீங்களும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

உரக்கப் பேசுவதைப் பற்றிய குறைக்கும் பதில் கிடைத்தது. அக்கால நடிகர்கள் பலர் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்கள். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய தொண்டை அவர்களுடையது. 1952-இல் ‘பராசக்தி’யின் நீதிமன்றத்தில் முழங்கிய அதே சிவாஜி, இரண்டே ஆண்டில் இங்கே தணிந்த குரலில், பாதி முகம் நிழலில் இருக்க, கண்ணாலேயே ஒரு சந்தேகத்தை நமக்குள் விதைக்கிறார்.

எனக்கு உடன்பாடில்லாத இடங்களும் உண்டு. இறுதிப் பகுதியில் நாட்டுப்பற்றைப் பற்றிய பேச்சு நீள்கிறது. காட்சியே அதைச் சொல்லிவிட்ட பிறகு வசனம் எதற்கு? நாட்டியக்காரியின் பாத்திரத்துக்குச் சந்தேகப்படத் தோதான ஆள் என்பதைத் தவிர வேறு வாழ்க்கை இல்லை. அதே படத்தில் ராஜனின் மனைவியாகப் பண்டரிபாய் நடித்த உஷாவோ, தானாகச் சிந்தித்துத் தானாக முடிவெடுக்கிறாள். அவளை எழுதத் தெரிந்தவர்கள் இவளையும் எழுதியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது.

[திரையில்: முறத்தில் பாதி உரித்த மொச்சை]

நான் படம் பார்த்தபோது பாட்டி பக்கத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். குண்டு வீச்சைப் பற்றிய பேச்சு வந்ததும் அவர் கை நின்றுவிட்டது. போர்க்காலத்தில் விளக்கு வெளிச்சம் தெரியாமலிருக்க ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டியதாக அவருடைய அம்மா சொல்வார்களாம். இத்தனை ஆண்டுகளில் பாட்டி அதை என்னிடம் சொன்னதே இல்லை, நானும் கேட்டதில்லை. உங்கள் வீட்டிலும் எழுபது வயதைக் கடந்தவர்கள் இருந்தால், இந்தப் படத்தை அவர்களோடு சேர்ந்து பாருங்கள். அவர்கள் சொல்வதைக் கீழே எழுதுங்கள். எங்கள் வீட்டில் அன்று படத்தை அந்த இடத்திலேயே நிறுத்திவைத்துவிட்டு, பாட்டி பேசி முடித்த பிறகுதான் மீண்டும் ஓடவிட்டோம்.