கூடத்தில் டிவிக்கு எந்தச் சுவர்?

வணக்கம். கும்பகோணத்தில், முற்றம் வைத்துக் கட்டிய ஓட்டு வீடொன்றின் கூடத்திலிருந்து பேசுகிறேன். ஊஞ்சல், சாமி படம், குத்துவிளக்கு என்று எல்லாவற்றுக்கும் இடம் வகுத்த இத்தகைய கூடங்களில் டிவிக்கென்று ஓர் இடம் கிடையாது. 2006-இல் அரசு வழங்கத் தொடங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி, அலமாரித் தட்டிலேயே அடங்கிவிட்டது. இன்றைய 43 அங்குலத் திரையோ மூன்றடிக்கும் மேல் அகலமாக, வெள்ளைச் சுவரில் தனித்துத் துருத்திக்கொண்டு தெரிகிறது.

கேமராவை முற்றத்தின் பக்கம் திருப்புகிறேன், பாருங்கள். முற்றத்தைப் பார்த்தபடி டிவியை வைத்தால் பகல் முழுவதும் திரையில் வானம்தான் தெரியும். முற்றத்துக்கு முதுகு காட்டி வைத்தால் வெளிச்சம் நம் கண்ணில் அடிக்கும். ஆகவே வெளிச்சம் பக்கவாட்டில் விழும் சுவரே டிவிக்கு உரியது. அந்தச் சுவரில் திரைக்குப் பின்னால் வரும் பகுதிக்கு மட்டும், தூணின் நிறத்தை ஒட்டிய அடர்பழுப்பில் பளபளப்பில்லாத பெயின்ட் அடித்துவிட்டால், அணைத்திருக்கும் திரை கண்ணை உறுத்தாது. பளிங்கு போன்ற பிளாஸ்டிக் பேனலும் அதைச் சுற்றி நீல விளக்குப் பட்டையும் இந்தக் கூடத்துக்குப் பொருந்தா என்பது என் உறுதியான கருத்து.

உயரத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். நம் வீடுகளில் பாதிப் பேர் பாயில் உட்கார்ந்தே பார்க்கிறார்கள். அவர்களின் கண் மட்டம் தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை அடிதான். ஒன்றரை அடி உயரப் பெட்டியின்மேல் 43 அங்குல டிவியை வைத்தால், திரையின் நடுப்பகுதி சரியாக அந்த மட்டத்துக்கு வந்துவிடும். பெட்டிக்குப் புது பிளைவுட் வேண்டாம். நெல் கொட்டி வைத்த பழைய பத்தாயம் உங்கள் வீட்டில் சும்மா கிடந்தால், தச்சரிடம் சொல்லி அதன் பலகைகளைக் கொண்டே செய்துகொள்ளுங்கள். காலத்தால் கறுத்த அந்த மரம் தூணோடும் வாசக்காலோடும் இயல்பாகச் சேர்ந்துகொள்ளும்.

தஞ்சாவூர் ஓவியத்தை டிவிக்கு நேர்மேலே மாட்டும் வழக்கம் எனக்கு ஏற்புடையதன்று. டிவி பார்க்கும்போது காலை நீட்டுவோம். அது சாமியை நோக்கி நீட்டுவதாகிவிடுமே என்று வீட்டுப் பெரியவர்கள் கடைசிவரை மடக்கிய காலோடு உட்கார்ந்திருப்பார்கள். எதிர்ச்சுவரில் மாட்டினாலோ முதுகு காட்ட நேரும். வேறொரு பக்கச் சுவரில், டிவி வெளிச்சம் படாமல், ஓவியம் தனியாக இருக்கட்டும். அணைத்திருக்கும்போது ஓவியம் காட்டும் டிவிகள் 2017 முதல் வந்திருக்கின்றன. ஆனால் மெல்லிய தங்கத் தாள் ஒட்டிப் புடைத்து நிற்கும் தஞ்சாவூர் வேலைப்பாட்டைத் தட்டையான திரையால் காட்ட முடியாது.

டிவியைச் சுவரிலேயே மாட்டலாமே என்றால், சுண்ணாம்புக் காரைச் சுவர் அதற்கான ஆங்கர் போல்ட்டை உறுதியாகப் பிடிக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே சுவரில் ஓதமும் ஏறும். பெட்டியின்மேல் நிறுத்தி, சுவருக்கும் டிவிக்கும் இடையே நான்கு விரற்கடை இடைவெளி விடுங்கள். வயர்களை மரக் கேசிங்கில் மறைக்கலாம். பிளக் பாயின்ட்டை மட்டும் பெட்டிக்குப் பின்னால் ஒளிக்காமல் கைக்கு எட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். இடி இடிக்கத் தொடங்கும் முன்பே பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிளையும் அதோடு கழற்றிவிடுங்கள்.