வாயுள்ள பிள்ளையும் நீள்வட்ட மேசையும்

விழாத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் வாழ்த்திப் பேசிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இந்த விழாவுக்காக ஓடியாடி உழைத்த செயலாளர் அம்மா அவர்களே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள ஃபிலிப்ஸ் எக்ஸிட்டர் அகாடமி, பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார்செய்யும் தனியார் உறைவிடப் பள்ளி. அது பிறந்த கதை, அங்கே படித்த ஒரு பையனின் கதை, அங்குள்ள ஒரு மேசையின் கதை, இந்த மூன்றையும் சொல்ல வந்தேன்.

1781-இல் ஜான் ஃபிலிப்ஸும் அவர் மனைவி எலிசபெத்தும் நிறுவிய பள்ளி அது. சரி, அந்தப் பையனின் கதைக்கு வருகிறேன்.

1859-இல் ஒரு பையன் ஹார்வர்ட் நுழைவுத் தேர்வு எழுதினான். பதினாறு பாடத்தில் பதினைந்தில் தோல்வி! துவண்டுபோகாமல் எக்ஸிட்டரில் வந்து சேர்ந்தான். 1860 பிப்ரவரியில் நியூயார்க்கில் பேச வந்த அவன் அப்பா, அப்படியே ரயிலேறி மகனைப் பார்க்கப் போனார். ஊர்க்காரர்கள் விடுவார்களா? மேடையேற்றிவிட்டார்கள். நெட்டையான, ஒல்லியான, அழகென்று சொல்ல முடியாத உருவம். ‘நம் நண்பனின் அப்பாவா இவர்?’ என்று பையன்களுக்கே சங்கடம். பேச்சைத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆவதற்குள் தோற்றமே மறந்துபோயிற்று என்று அன்று கேட்டவர் ஒருவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்த அப்பாதான் ஆபிரகாம் லிங்கன்! அந்த நவம்பரில் அவர் குடியரசுத் தலைவராகத் தேர்வானார். மகன் ராபர்ட்டும் அதே ஆண்டு ஹார்வர்டில் சேர்ந்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நம் பாட்டிமார் சும்மாவா சொன்னார்கள்?

ஆனால் வகுப்பறையில் அந்த வாயைத் திறக்க இடம் வேண்டாமா? 1930-இல் எட்வர்ட் ஹார்க்னஸ் என்ற செல்வந்தர் அந்தப் பள்ளிக்கு 58 லட்சம் டாலர் கொடுத்தார். மாணவர்கள் ஆசிரியரோடு ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேச வேண்டும், கூச்சப்படும் பிள்ளையும் வாய் திறக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அப்படி வந்ததுதான் நீள்வட்ட மேசை. சுற்றிலும் பன்னிரண்டு பேர் அளவில் உட்காருவார்கள். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியும். ஒளிந்துகொள்ளப் பின்வரிசையே கிடையாது. 1970-இல் பெண்பிள்ளைகளும் அந்த மேசைக்கு வந்தார்கள்.

நான் ஏறும் மேடையெல்லாம் கேட்பது இதைத்தான். அத்தனை லட்சம் டாலருக்கு நாம் எங்கே போவது என்று கேட்காதீர்கள். பெஞ்சை நகர்த்தக் காசு வேண்டாம். ஆசிரியப் பெருமக்களே, வாரத்தில் ஒரே ஒரு பாடவேளை வட்டமாக உட்கார வையுங்கள். அந்த ஒரு மணி நேரம் நீங்கள் குறைத்துப் பேசுங்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் ஐயா, அந்த வாய்க்கு இடம் கொடுங்கள். எந்தப் பள்ளி முதலில் செய்கிறதோ, அங்கே வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்க நான் தயார். நன்றி, வணக்கம்.