திறக்கவும் மூடவும் தெரிந்த குழாய்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

2020 பிப்ரவரி 18ஆம் தேதி சிங்கப்பூர் வரவு செலவுத் திட்டத்தில் வேலை ஆதரவுத் திட்டம் என்று ஒன்று அறிவிக்கப்பட்டது. உள்ளூர் ஊழியரின் மாதச் சம்பளத்தில் முதல் 3,600 வெள்ளிக்கு 8 விழுக்காட்டை அரசாங்கம் முதலாளிக்குத் தரும் என்றார்கள். மார்ச் 26ஆம் தேதி அந்த 8 விழுக்காடு 25 ஆனது. உணவுத் துறைக்கு 50, விமானத் துறைக்கும் சுற்றுலாத் துறைக்கும் 75. சம்பள வரம்பு 4,600 வெள்ளிக்கு ஏறியது. ஏப்ரல் 6ஆம் தேதி, கொவிட் பரவலைத் தடுக்கப் பெரும்பாலான வேலையிடங்களை மூடிய நோய்ப்பரவல் முறியடிப்புக் காலம் தொடங்குவதற்கு முந்தைய நாள், ஏப்ரல் மாதச் சம்பளத்துக்கு எல்லாத் துறைகளுக்கும் 75 விழுக்காடு என்று அறிவித்தார்கள். ஏழு வாரத்துக்குள் மூன்று விகிதங்கள்.

இதற்காக எந்த முதலாளியும் விண்ணப்பம் போடவில்லை. மாதாமாதம் அவர் ஊழியருக்கு மத்திய சேமநிதி கட்டுகிறார் அல்லவா, அந்தப் பதிவை வைத்தே உள்நாட்டு வருவாய் ஆணையம் கணக்குப் போட்டது. பணம் ஜைரோ, பேநவ் என்ற மின்னிலக்கப் பணமாற்று முறைகள் வழியாக நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் போய் விழுந்தது. இந்த வழியை 2020இல் யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 2009 உலக நிதி நெருக்கடியில் சம்பளத்தின் முதல் 2,500 வெள்ளிக்கு 12 விழுக்காடு கொடுத்தபோதே சேமநிதிப் பதிவுதான் அடிப்படை. குழாய் போட்டு வைத்திருந்தார்கள். 2020இல் திறப்பை எந்த அளவுக்குத் திருப்புவது என்பதை மட்டும் முடிவு செய்தார்கள்.

நெருக்கடி நேரத்தில் அரசாங்கம் எவ்வளவு செலவழிக்க வேண்டும் என்றுதான் நாம் வாதிடுகிறோம். அதைவிட முக்கியமான கேள்வி, செலவழிக்கும் வழி முன்பே தயாராக இருக்கிறதா, வேண்டாதபோது அதை மூட முடிகிறதா என்பது. பொதுச் சேவைச் சீர்திருத்தம் என்று நாம் சொல்வதெல்லாம் அந்தக் குழாய் வேலைதான். அதை நெருக்கடி இல்லாத நல்ல காலத்தில் செய்ய வேண்டும்.

சம்பளத்தின் வழியாக ஏன் கொடுத்தார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. சிங்கப்பூரின் மொத்த வர்த்தகம் உள்நாட்டு உற்பத்தி மதிப்பைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். இங்கே மக்கள் கையில் நூறு வெள்ளி கொடுத்து வாங்கச் சொன்னால், அதில் பெரும்பகுதி இறக்குமதிப் பொருளுக்குப் போய்விடும். அரிசி தாய்லாந்திலிருந்து வருகிறது, கைபேசி சீனாவிலிருந்து வருகிறது. பெரிய நாடுகள் செய்வதுபோல் பொதுச்செலவால் பொருளியலைத் தூக்கி நிறுத்துவது இங்கே அவ்வளவாகப் பலிக்காது. அதனால்தான் நம் அரசாங்கம் நிறுவனங்களின் செலவுப் பக்கத்தைப் பிடிக்கிறது: வேலை போகாமல் பார்ப்பது, முதலாளியின் சுமையைக் குறைப்பது. 1985 பொருளியல் மந்தத்துக்குப் பிறகு முதலாளி கட்ட வேண்டிய சேமநிதி விகிதத்தை 25 விழுக்காட்டிலிருந்து 10க்கு இறக்கினார்கள். ஆசிய நிதி நெருக்கடிக்குப் பின் 1999இல் 20லிருந்து 10. அந்த இரண்டு முறையும் சுமையைத் தாங்கியது ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்பு. 2009இலும் 2020இலும் அரசாங்கக் கருவூலமே தாங்கியது. என் பார்வையில் இது பெரிய முன்னேற்றம்.

குழாய் இல்லாத வீடுகளும் இருந்தன. டாக்ஸி ஓட்டுநர், வீடு வீடாகப் போய் டியூஷன் எடுப்பவர், மேடைக் கலைஞர் ஆகியோருக்கு முதலாளி கட்டும் சேமநிதி கிடையாது. சுயதொழில் செய்வோர் வருமான நிவாரணத் திட்டத்தில் மாதம் 1,000 வெள்ளி வீதம் ஒன்பது மாதத்துக்குக் கொடுத்தார்கள். வருமானவரிப் பதிவு ஒழுங்காக இருந்தவர்களில் பலருக்குத் தானாகவே வந்தது. வருமானத்தை முழுமையாக அறிவிக்காதவர், அந்த ஆண்டுதான் தொழில் தொடங்கியவர், பாதி நேரம் சம்பள வேலையும் மீதி நேரம் சொந்தத் தொழிலும் செய்தவர் எல்லாம் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் வழியாக விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். ஒரே அரசாங்கம், ஒரே மாதம், ஒரே அக்கறை. பதிவு இருந்தவருக்குப் பணம் வந்தது, பதிவு இல்லாதவருக்குக் கேள்விகள் வந்தன. நம் சமூகத்தில் சொந்தத் தொழில் செய்வோர் நிறைய. வருமானத்தை ஆண்டுதோறும் சரியாக அறிவித்து வைப்பது வரிக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள், ஐயா.

இனி மூடுகிற பக்கம். செலவில் இரண்டு வகை உண்டு: ஒருமுறைச் செலவு, ஆண்டுதோறும் திரும்பி வரும் செலவு. குடும்பங்கள் கடைகளில் செலவழிக்கக் கொடுக்கும் சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டு முதல் வகை. அதன் தொகையை ஆண்டுக்கு ஆண்டு கூட்டலாம், குறைக்கலாம். மருத்துவமனை இரண்டாம் வகை. கட்டடம் ஒரு முறைதான். ஆனால் தாதியர், மருந்து, மின்சாரம், இயந்திரப் பராமரிப்பு என்று கதவு திறந்த நாளிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் பணம் கேட்கும். 2030 வாக்கில் நான்கு குடிமக்களில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். அந்தச் செலவு மந்தம் வந்தாலும் குறையாது, குறையவும் கூடாது. ஆகவே நிரந்தரச் செலவுக்கு நிரந்தர வருமானம் வேண்டும். பொருள் சேவை வரியை 2023இல் 8 விழுக்காடாகவும் 2024இல் 9 ஆகவும் இரண்டு படியாக ஏற்றியதன் காரணம் இதுதான். விலைவாசி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் அது பல குடும்பங்களை வருத்தியது, அதை மறைப்பதற்கில்லை. உயர்வுக்கு முன்பே உத்தரவாதத் தொகுப்பு என்ற உதவித் திட்டத்தை ஏற்பாடு செய்து வைத்திருந்ததால் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அடி சற்று மெதுவாக விழுந்தது.

ஆபத்து எங்கே? ஒருமுறை என்று சொல்லிக் கொடுத்தது நிரந்தரமாகிவிடுவதில். மூன்றாண்டு தொடர்ந்து கொடுத்தால் நான்காம் ஆண்டு குடும்பங்கள் அதை நம்பித்தான் மாதக் கணக்குப் போடும். அப்போது நிறுத்தினால் அது வெட்டு என்றுதான் உணரப்படும். திட்டத்தை அறிவிக்கும் நாளிலேயே முடியும் தேதியையும் சொல்லிவிட வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியவர்கள்.

முந்தைய அரசாங்கங்கள் சேர்த்து வைத்த கடந்தகால நிதியிருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதற்கு இரண்டு சாவி. ஒன்று அரசாங்கத்திடம், மற்றொன்று மக்கள் தேர்ந்தெடுக்கும் அதிபரிடம். இரண்டாம் சாவி முதன்முதலில் திரும்பியது 2009இல். நிதியமைச்சராக இருந்து கேட்டவர் தர்மன் சண்முகரத்னம், அதிபராக இருந்து ஒப்புதல் தந்தவர் எஸ் ஆர் நாதன். அன்று சாவியைக் கேட்ட தர்மனே இன்று அதிபராக அதைக் கையில் வைத்திருக்கிறார். அப்போது 4.9 பில்லியன் வெள்ளிக்கு ஒப்புதல். எடுத்தது சுமார் 4 பில்லியன், 2011இல் திருப்பி வைத்தார்கள். 2020இல் அதிபர் ஹலிமா யாக்கோப் 52 பில்லியன் வரை ஒப்புதல் கொடுத்தார். மூன்று நிதியாண்டில் எடுத்தது சுமார் 40 பில்லியன். ஒப்புதல் வாங்கிய தொகை முழுவதையும் எடுத்துத் தீர்க்காமல் விட்டதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஒதுக்கிய பணத்தை நிதியாண்டு முடியும் மார்ச் 31க்குள் தீர்த்துவிட வேண்டும் என்ற பழக்கம் எந்த அலுவலகத்திலும் எளிதில் வந்துவிடும். அங்கே அது வரவில்லை.

நிதியிருப்பின் முதலீட்டு வருமானமும் உண்டு. நீண்டகாலத்தில் எதிர்பார்க்கப்படும், விலைவாசி உயர்வைக் கழித்த உண்மை ஆதாயத்தில் பாதி வரை ஆண்டுச் செலவுக்கு எடுக்கலாம், மீதி நிதியிருப்பிலேயே தங்க வேண்டும். அரசாங்க வருவாயில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இப்படி வருகிறது. அந்த ஆண்டுச் சந்தை நிலவரத்தைப் பார்க்காமல் நீண்டகாலக் கணக்கில் எடுப்பதால், பங்குச் சந்தை சரிந்த ஆண்டில் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கும் பணமும் சரிவதில்லை.

சிக்கனத்துக்கு வருவோம். 2017இல் எல்லா அமைச்சுகளின் செலவு வரம்பையும் 2 விழுக்காடு குறைப்பதாக அப்போதைய நிதியமைச்சர் ஹெங் சுவீ கியட் அறிவித்தார். இரண்டுதானே என்று தோன்றும். ஓர் அலுவலகத்துக்கு 100 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 சம்பளம், 20 கையெழுத்தான ஒப்பந்தங்கள், 12 வாடகையும் கணினி உரிமமும், 8 பராமரிப்பும் பயிற்சியும். சம்பளத்தை இந்த ஆண்டே தொட முடியாது. ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு ஆண்டு இருக்கும். வாடகை வாடகைதான். ஆக 2 வெள்ளி முழுவதும் அந்த 8இலிருந்து போகும். பராமரிப்பிலும் பயிற்சியிலும் கால்வாசி காணாமல் போகும். முதலாண்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. மூன்றாம் ஆண்டில் மின்தூக்கி நிற்கும், பழைய கணினி அமைப்பு விழும், சரிசெய்யச் சேமித்ததைவிடக் கூடுதலாகச் செலவாகும்.

அதனால் சீரான வெட்டைக் கடைசி ஆயுதமாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து. வெட்டியே ஆக வேண்டும் என்றால் மூன்றாண்டுக்கு முன்னறிவிப்பு கொடுங்கள், ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படும் ஆண்டோடு அது பொருந்தட்டும். காலியிடங்களை நிரப்பாமல் விடுவது இன்னும் மோசம். வெளியே நல்ல வேலை கிடைப்பவர்தான் முதலில் போவார். எந்த நாற்காலி காலியாகிறது என்பதைத் தற்செயல் தீர்மானித்துவிடும்.

துப்புரவு, பாதுகாவல் ஒப்பந்தங்களில் கை வைக்கத் தோன்றும். அங்கே படிப்படியாக உயரும் சம்பள முறை இருக்கிறது: துப்புரவுக்கு 2014 முதல், பாதுகாவலுக்கு 2016 முதல். ஊழியர் சம்பளத்தைக் குறைத்து விலையைக் குறைக்க முடியாது, நல்லவேளை. அப்படியானால் கேட்கும் விதத்தை மாற்ற வேண்டும். வாசலுக்கு இரண்டு பேர், 12 மணி நேரம் என்று தலை எண்ணிக் கேட்பதற்குப் பதிலாக, இத்தனை நிமிடத்துக்குள் வந்து பார்க்க வேண்டும் என்று பலனைக் கேட்கலாம். ஒரு வாசலில் கேமரா போதும், இன்னொன்றில் ஆள்தான் வேண்டும் என்று நிறுவனமே சொல்லும். 2020 மே முதல் பொதுத்துறையின் பாதுகாவல் ஒப்பந்தங்கள் இந்த வழிக்கு மாறின. பலனை அளக்கத் தெரிந்த அதிகாரி அலுவலகத்தில் இல்லையென்றால் இது ஏட்டோடு நின்றுவிடும்.

கட்டுமான ஒப்பந்தங்களில் பணம் கசியும் இடம் வேறு. ஒப்பந்த விலைப்பட்டியலில் இல்லாத ஒரு வேலை நடுவில் முளைக்கும். அதற்குத் தனியே விலை கேட்க வேண்டும். அவசரம் என்பதால் வேலை முதலில் நடந்துவிடும், ஒப்புதல் பின்னால் வரும், மூன்று விலைப்புள்ளிகளும் ஒரே கையால் எழுதியதுபோல் இருக்கும். தலைமைக் கணக்காய்வாளரின் ஆண்டறிக்கைகளில் இந்த வகைக் குறைகள் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. வேலை தொடங்குமுன் ஒரு மின்னஞ்சலிலாவது ஒப்புதலும் உச்சத் தொகையும் இருக்க வேண்டும். விலைப்புள்ளி கொடுத்த கடைக்கு அலுவலகமே நேரடியாகத் தொலைபேசியில் அழைத்துச் சரிபார்க்க வேண்டும். செலவு மூன்று அழைப்பு.

உண்மையான சேமிப்பு வேலை நடக்கும் முறையில் இருக்கிறது. ஒரு விண்ணப்பத்துக்கு 21 நாள் ஆகிறது என்று வைப்போம். அதன் பின்னாலேயே நடந்து போய், எந்த மேசைக்கு எந்தத் தேதியில் வந்தது, எப்போது நகர்ந்தது, ஏன் காத்திருந்தது என்று குறித்துப் பாருங்கள். கை படும் நேரம் 40 நிமிடம்தான் இருக்கும். மீதியெல்லாம் காத்திருப்பு: ஓர் ஆவணம் குறைகிறது என்று திருப்பி அனுப்பியது, இரண்டாவது கையெழுத்துக்கு நின்றது, இன்னோர் அமைப்பிடம் விவரம் கேட்டது, வாரம் ஒருமுறை கூடும் குழுவுக்காகக் கிடந்தது. அரசாங்கத்திடம் ஏற்கெனவே உள்ள விவரத்தை, மின்னிலக்க அடையாளமான சிங்பாஸின் மைஇன்ஃபோ சேவை வழியாக எடுத்தால் முதல் காத்திருப்பும் மூன்றாவதும் பெரும்பாலும் போய்விடும். சிறு தொகைக்கு ஒரே கையெழுத்து போதும், பிறகு நூற்றுக்கு ஐந்தை எடுத்துச் சோதிக்கலாம். இதையெல்லாம் செய்யாமல் அதே 21 நாள் வழியைக் கணினியில் ஏற்றினால், கணினியிலும் 21 நாள்தான் ஆகும்.

ஒன்றை நிதி அதிகாரிகள் மனம் வைத்துக் கேட்க வேண்டும். சீர்திருத்தத்தின் முதலாண்டில் செலவு கூடும். புதிய முறையும் பழைய முகப்பும் சேர்ந்து ஓட வேண்டும். சிங்பாஸ் பயன்படுத்தத் தெரியாத பாட்டிக்கு முகப்பில் ஒருவர் வேண்டும். தெம்பனிஸ் நடுவத்தில் பல அமைப்புகளின் சேவையை ஒரே முகப்பில் வைத்திருப்பது இதற்கு நல்ல வழி. சேமிப்பு இரண்டாம் ஆண்டில்தான் தலைகாட்டும், அதுவும் மிச்சமான ஆட்களுக்கு வேறு வேலை ஒதுக்கினால்தான். மந்தம் வந்த பிறகு தொடங்கினால் அந்த முதலாண்டுப் பணத்தை யாரும் தரமாட்டார்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டிய வேலை இது.

தள்ளிப்போடுவதிலும் முறை உண்டு. சாங்கி விமான நிலையத்தின் ஐந்தாம் முனையத் திட்டத்தை 2020இல் இரண்டாண்டு நிறுத்தி வைத்தார்கள். அந்த இடைவெளியில் வடிவமைப்பை நோய்ப்பரவலுக்கு ஏற்றபடி மறுபரிசீலனை செய்தார்கள். அடிக்கல் விழா 2025 மே மாதம் நடந்தது. மாறாக, பாதி எழும்பிய கட்டடத்தை நிறுத்தினால் குத்தகையாளருக்கு இழப்பீடு, துருப்பிடிக்கும் கம்பி, கலைந்து போகும் ஆட்கள் என்று நிறுத்துவதே ஒரு செலவாகும்.

2025 ஏப்ரலில் அமெரிக்கா 10 விழுக்காட்டு அடிப்படை வரி போட்டது. 2004 முதல் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் இருந்தும் நமக்கு விலக்கு கிடைக்கவில்லை. துணைப் பிரதமர் கான் கிம் யோங் தலைமையில் பணிக்குழு அமைத்தார்கள். இப்படிப்பட்ட காலத்தில் அடுத்த பிப்ரவரியில் வரவு செலவுத் திட்டம் வரும்போது, எனக்கு எவ்வளவு கிடைக்கும் என்று பார்த்துவிட்டுக் கைபேசியை மூடிவிடாதீர்கள். நிதி அமைச்சின் இணையத்தளத்தில் மதிப்பீட்டு ஏடு இருக்கும். உங்களுக்குப் பழக்கமான ஓர் அமைச்சை எடுத்து, நடைமுறைச் செலவு எவ்வளவு, மேம்பாட்டுச் செலவு எவ்வளவு, சென்ற ஆண்டு கேட்டது எவ்வளவு, திருத்திய மதிப்பீடு எவ்வளவு என்று பாருங்கள். அதன் பிறகு நாடாளுமன்றத்தில் ஒவ்வோர் அமைச்சின் ஒதுக்கீடும் விவாதத்துக்கு வரும். உறுப்பினர் 100 வெள்ளி வெட்டு என்று ஒரு தீர்மானம் கொடுத்துத்தான் பேசுவார். அந்த 100 வெள்ளி பேசுவதற்கான வாசல். உங்கள் கேள்வியை உங்கள் தொகுதி உறுப்பினரிடம் அதற்கு முன்பே, மக்கள் சந்திப்பு நாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இந்தத் திட்டம் எந்தத் தேதியில் முடிகிறது, விண்ணப்பிக்காமலே யாருக்குச் சேரும், விண்ணப்பித்தால் எத்தனை நாள் ஆகும் என்று மூன்று வரி போதும்.