மனம் இருக்கிறது, மார்க்கம் எங்கே?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் சகோதர சகோதரிகளே, தாராவி, செம்பூர், முலுண்ட் என்று நாலா பக்கமிருந்தும் லோக்கல் ரயில் பிடித்து வந்திருக்கும் மும்பைத் தமிழ் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

புதிதாக அப்பா ஆனவர்கள் குழந்தை வளர்ப்பு வகுப்புக்கோ ஆலோசனைக்கோ வருவதில்லையே, அதற்குக் காரணம் அவர்களுக்கு மனம் இல்லாததா, அவர்களைக் கூப்பிடாத அமைப்பா? இதுதான் தலைப்பு. அமைப்புதான் என்று பேச வந்திருக்கிறேன். தாராவிச் சந்துகளில் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் தேடி வீடு வீடாகப் போகும் ஆரோக்கிய சேவிகா நான். பார்த்ததைத்தான் பேசுகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா, "மனம் இருந்தால் மார்க்கம் உண்டு. கிரிக்கெட் பார்க்க நேரம் இருக்கிறது, குழந்தையைக் குளிப்பாட்டக் கற்றுக்கொள்ள நேரம் இல்லையா?" என்று கேட்டார். பலத்த கைதட்டல். சரி அக்கா, எந்த வகுப்பு, எத்தனை மணிக்கு, எங்கே நடக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லையே. நான் சொல்கிறேன்.

பிறந்த குழந்தையை வீட்டுக்கே வந்து பார்க்கும் மத்திய அரசுத் திட்டம் 2011 முதல் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தை என்றால் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் ஆஷா என்ற சுகாதாரப் பணியாளர் வரவேண்டும். ஆறு தடவை! எத்தனையோ பச்சிளம் குழந்தைகளைக் காப்பாற்றிய ஏற்பாடு அது, அதற்குத் தலை வணங்குகிறேன். ஆனால் எங்களைப் போன்றவர்கள் வீடுகளுக்குப் போகிற நேரம் எது? காலை பத்து, பதினொன்று, மிஞ்சினால் மத்தியானம் மூன்று. அந்த நேரத்தில் அப்பா தோல் கார்கானாவில் பை தைத்துக்கொண்டிருப்பார். ஆட்டோ ஓட்டுகிறவர் பாந்த்ராவில் சவாரியில் இருப்பார். ஆறு தடவை வந்தும் அவரை ஒரு தடவைகூடப் பார்க்காமல் திட்டம் முடிந்துவிடுகிறது. பார்க்கவே இல்லாத ஆளைப் பார்த்து "அவருக்கு அக்கறை இல்லை" என்று எழுதுவது என்ன நியாயம்?

அப்படித் தற்செயலாக வீட்டில் இருந்த ஒரு தம்பியைச் சொல்கிறேன். தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அன்றைக்குக் கார்கானாவில் கரண்ட் இல்லை, அதனால் வந்துவிட்டார். பிறந்து ஏழு நாள் ஆன குழந்தை. அவர் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தேன், இவர் வாசலோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "உள்ளே வாங்க தம்பி, பிள்ளைக்கு ஏப்பம் எடுக்கக் கத்துத் தரேன்" என்றேன். பதறிப்போய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். விரலெல்லாம் ஒட்டுப்பசை காய்ந்து தோல் உரிந்திருந்தது. குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டார், முகர்ந்து பார்த்தார், மறுபடி போட்டார். பிறகு வந்து உட்கார்ந்தார். கழுத்துக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை, குழந்தையின் தாடை தோள்மேல், முதுகில் மெதுவாகத் தட்டல். பத்து நிமிஷத்தில் கற்றுக்கொண்டார். அதற்கப்புறம் அவர் கேட்ட கேள்விகள் இருக்கிறதே! "தொப்புள்ல எண்ணெய் வைக்கலாமா?" கூடாது, ஒன்றும் வைக்காமல் காய விடவேண்டும். "ராத்திரி மூச்சு வேகமா வாங்கினா காலை வரைக்கும் பொறுக்கலாமா?" பொறுக்கவே கூடாது. பால் குடிக்காவிட்டால், உடம்பு சில்லிட்டால், சுட்டால், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளானால் அந்த நிமிஷமே தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். அவர் மனைவி சிரித்துக்கொண்டே, "இதெல்லாம் என்கிட்டகூட கேட்டதில்லைக்கா" என்றார்.

ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சயான் ஆஸ்பத்திரிக்கு ஓடப்போவது யார்? ஆட்டோவுக்குக் காசு எடுக்கப்போவது யார்? பெரும்பாலும் அவர்தான். எப்போது ஓடவேண்டும் என்று மட்டும் அவரிடம் சொல்லமாட்டோம். அம்மாவிடம் சொல்வோம். அவள் அழுதுகொண்டே அவரிடம் சொல்லி, அவர் நம்பி, அப்புறம் கிளம்பவேண்டும். இந்தத் தாமதத்தில் போன உயிர்களை நினைத்தால் எனக்கு இங்கே நின்று பேச முடியாது ஐயா.

நம் மக்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. தலைப்பிரசவம் என்றால் அம்மா வீடு. வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைத் திருநெல்வேலிக்கோ விழுப்புரத்துக்கோ கூட்டிப் போய்விடுவார்கள். அவளுக்கு அம்மா கைச் சாப்பாடு, கொஞ்சம் தூக்கம், அதை நான் குறை சொல்லவே மாட்டேன். மாப்பிள்ளை இங்கே. செய்தி போனில் வருகிறது. ரிசர்வேஷன் இல்லாவிட்டாலும் ஏறி, கதவோரம் உட்கார்ந்தே ஊர் போய்ச் சேருகிறார். அங்கே குழந்தையைச் சுற்றிப் பாட்டி, சித்தி, அத்தை. "மாப்பிள்ளை, நீங்க உக்காருங்க, காபி சாப்பிடுங்க." ஒரு போட்டோ. நாலைந்து நாளில் திரும்பவும் ரயில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளை மும்பைக்கு வரும்போது இவர் அதற்குப் புதுமுகம். தூக்கினால் வீறிடுகிறது. "உங்களுக்குத் தெரியாது, இங்க குடுங்க." நாலு தடவை இப்படி வாங்கிக்கொண்டால் ஐந்தாம் தடவை எந்த ஆணும் கையை நீட்டமாட்டார். அதைத்தான் எதிரணி மனமில்லை என்கிறது.

அந்த மாதங்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2010இல் வந்த கட்டுரை, பல நாடுகளின் 43 ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்தது. பிரசவத்தை ஒட்டிய காலத்தில் ஏறத்தாழ பத்து அப்பாக்களில் ஒருவர் மனச்சோர்வுக்கு ஆளாகிறார் என்று அதில் தெரிந்தது. குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்போதுதான் அது மிக அதிகம். நம் வீடுகளில் தாயும் பிள்ளையும் ஊரிலிருந்து வந்து இறங்கும் சமயமும் அதுதான். பத்துக்குப் பத்து அறை, வாடகை பாக்கி, ராத்திரி முழுக்க அழுகை, விடிந்தால் வேலை. தாயின் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க எடின்பரோவில் 1987இல் பத்துக் கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றை உருவாக்கினார்கள். பின்னாளில் பல நாடுகளில் அதே பட்டியலை அப்பாக்களிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். இங்கே பத்துக் கேள்வி வேண்டாம், "தம்பி, நீ தூங்கினியா?" என்ற ஒன்றையாவது கேட்கிறோமா? 14416 என்று டெலி மானஸ், அதாவது அரசின் மனநல ஆலோசனைக்கான போன் எண், 2022 முதல் இருக்கிறது. இலவசம், தமிழிலும் பேசலாம். அதை எத்தனை அப்பாக்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்?

பிரசவ அறைக்கு வருவோம். துணைக்கு ஒருவர் இருக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் அனுமதித்தது. பிள்ளை பெற்ற அனுபவமுள்ள பெண் ஒருவர் இருக்கலாம், மறைவுக்கு வசதியுள்ள இடங்களில் கணவரும் இருக்கலாம் என்பது விதி. நெருக்கி நெருக்கிக் கட்டில் போட்ட வார்டில் மறைவுக்கு எங்கே போவது? ஆகவே அவர் வராந்தாவில். மருந்துச் சீட்டு வந்தால் ஓடு, பில் வந்தால் கட்டு. முதல் நாளே அவருக்கு நாம் சொல்லிக் கொடுக்கும் பாடம் அதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2017 திருத்தத்துக்குப் பிறகு தாய்க்கு, முதல் இரண்டு பிரசவத்துக்கு, 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. போராடிப் பெற்ற உரிமை, இன்னும் கூடினாலும் சந்தோஷம். அப்பா மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். தனியாரில் வேலை என்றால் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை, முதலாளி மனம் வைத்தால் உண்டு. நம் மகாராஷ்டிரத்திலிருந்து எம்.பி.யாக இருந்த மறைந்த ராஜீவ் சாதவ் 2017இல் தந்தையருக்கும் விடுப்பு கேட்டுத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. இட்லி விற்கிறவரும் ஆட்டோ ஓட்டுகிறவரும் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

"வெளிநாட்டு ஆண்கள் மாறிவிட்டார்கள், நம்மவர்கள் மாறவில்லை" என்றார் எதிரணி அண்ணன். ஸ்வீடனையே எடுத்துக்கொள்வோம். 1974லேயே அங்கே அம்மா, அப்பா யார் வேண்டுமானாலும் விடுப்பு எடுக்கலாம் என்று சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் எடுத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் அம்மாக்களே. 1995இல் ஒரு மாதத்தை அப்பாவுக்கென்றே ஒதுக்கி, அவர் எடுக்காவிட்டால் அது வீண் என்று ஆக்கினார்கள். ஒரு நாள்கூட எடுக்காத அப்பாக்கள் அதுவரை பாதிக்கு மேல் இருந்தவர்கள், அதற்குப் பிறகு கால்வாசிக்கும் கீழே வந்துவிட்டார்கள். ஸ்வீடன் ஆண்களுக்கு 1995இல் திடீரென்று மனம் முளைத்ததா அண்ணா? அதே ஆண்கள்தான், விதி மாறியது.

எதிரணி சொன்னதில் ஒன்றை மட்டும் நான் தட்டிக்கழிக்க மாட்டேன். "சில வீடுகளில் கணவரை உள்ளே இழுத்தால் அந்தப் பெண்ணுக்குப் பேசக் கிடைத்த ஒரே இடமும் போய்விடும்" என்றார்கள். உண்மை. அடி வாங்கும் பெண்களை எனக்குத் தெரியும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஆண்களைச் சேர்க்கச் சொல்லும்போதே, பெண்ணின் விருப்பத்தை மதித்துத்தான் செய்யவேண்டும் என்று சேர்த்துச் சொன்னது. முதலில் அவளிடம் தனியாகக் கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம். அவளுக்கான நேரம் அவளுக்கே இருக்கட்டும், அவருக்கு வேறு நேரம் கொடுங்கள்.

நம் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் வராத மாமா, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைத்தால் முதல் ஆளாக வந்து பந்தல்கால் பிடிப்பார். அப்பாக்களுக்கு நாம் தபாலில்கூட அனுப்பவில்லை. தடுப்பூசிக்கு வரச்சொல்லும் எஸ்எம்எஸ் பல வீடுகளில் அவர் போனுக்குத்தான் வருகிறது, ஏனென்றால் கொடுத்த நம்பர் அவருடையது. செய்தி மட்டும் அம்மாவுக்கு. அந்த நம்பருக்கே அவர் பெயரைச் சொல்லிப் போன் செய்தால் என்ன? நான் செய்து பார்த்திருக்கிறேன். "என்னையா கூப்பிடறீங்க?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு.

ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் தொடங்கியது இதே ஊரில், சயான் ஆஸ்பத்திரியில். அன்றைக்கு அதுவும் யாரும் கேள்விப்படாத யோசனைதான். அப்பாக்களைக் கூப்பிடுவதும் இன்றைக்கு அப்படித்தான்.

மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன். நடுவர் ஐயா, தீர்ப்பு உங்களுடையது. இந்த அரங்கின் நிர்வாகிகளிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை இந்த ஹாலைக் கொடுங்கள். பொம்மைக் குழந்தையும் தடுப்பூசி அட்டையும் நான் கொண்டுவருகிறேன். 6, 10, 14ஆம் வார ஊசிகளைப் பற்றி நான் சொல்கிறேன். மற்றதைப் பேச டாக்டர் வேண்டாம், பிள்ளைக்கு இரண்டு வயது ஆன அப்பா ஒருவர் போதும், தம்பிகள் அவரிடம்தான் மனம் விட்டுப் பேசுவார்கள். கைக்குழந்தை இருக்கிற தம்பிகள், பிள்ளை பிறக்கப்போகிற தம்பிகள், போகும்போது வாசலில் என்னிடம் பெயரையும் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.